சீதன வீடும் ஸ்காபரோ வீடும்

அன்பின் குகன்,

உன் கடிதம் கிடைத்தது. உன் மனைவியான தங்கச்சியின் வேலை நிரந்தரமானதும், பிள்ளைகள் புதுப் பள்ளிக்கூடத்தில் பழகிக்கொண்டதும் எனக்குப் பெரிய ஆறுதல். நிரந்தர வதிவுரிமையோடு கனடாவில் வந்திறங்கி எட்டு மாதம் ஆகிறது, வாடகையாகப் போகும் காசு திரும்பி வராத காசு, ஸ்காபரோவிலேயே ஒரு வீட்டைப் பார்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். பார்க்கலாம். ஆனால் அதற்கு முதல் இரண்டு விஷயம் தெளிவாக வேண்டும். சாவி கைக்கு வரும் நாளில் உன் கணக்கில் எவ்வளவு காசு இருக்க வேண்டும்? அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று காட்டக் கடதாசி இருக்கிறதா? இந்த இரண்டிலும்தான் புதிதாக வந்தவர்கள் அடிபடுகிறார்கள்.

800,000 டொலர் வீடு என்று வைத்துக்கொள். குறைந்தபட்ச முற்பணம் விலையின் முதல் 500,000க்கு 5 வீதம், மிச்சத்துக்கு 10 வீதம். 25,000, 30,000, மொத்தம் 55,000. 2024 டிசம்பர் 15 முதல் இந்த ஏற்பாடு 1.5 மில்லியனுக்குக் குறைந்த வீடுகளுக்குப் பொருந்தும். அதற்கு மேலே போனால் 20 வீதம் வேண்டும். கனபேர் இந்த 55,000ஐச் சேர்த்ததும் வீடு பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். 20 வீதத்துக்குக் குறைவாகப் போட்டால் மோட்கேஜ் (வீட்டுக்கடன்) காப்புறுதி கட்டாயம். கடன் கட்டத் தவறினால் அது காப்பது வங்கியை. கட்டணம் மட்டும் உன்னுடையது. முற்பணம் 10 வீதத்துக்குக் கீழே என்பதால் கடன் தொகையில் 4 வீதம்: 745,000க்கு 29,800. இதைக் கடனோடு சேர்த்துவிடுவார்கள். அதன் மேல் ஒன்ராறியோ விதிக்கும் 8 வீத விற்பனை வரியைச் சேர்க்க மாட்டார்கள். அந்த 2,384 டொலரைக் கையில் இருந்துதான் கட்ட வேண்டும்.

அடுத்தது லான்ட் ட்ரான்ஸ்பர் டக்ஸ், வீடு கைமாறும்போது வாங்குபவர் கட்டும் வரி. இந்த விலைக்கு மாகாணம் எடுப்பது 12,475. ரொறொன்ரோ நகரம் தன் பங்குக்கு அதே 12,475ஐ இன்னொரு தரம் எடுக்கும். நீ பார்க்கும் ஸ்காபரோ ரொறொன்ரோவுக்குள் அடங்கும். ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்து வடக்கே போனால் மார்க்கம். அங்கே நகர வரி இல்லை. ஒரு வீதி, 12,475 டொலர்.

முதல் வீடு வாங்குவோருக்கு மாகாணம் 4,000 வரையும் நகரம் 4,475 வரையும் திருப்பித் தரும் என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் வாங்குபவர் உலகில் எங்கும், எக்காலத்திலும் வீடு வைத்திருந்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கணவன் மனைவியாக இருந்த காலத்தில் துணையின் பெயரில் வீடு இருந்திருந்தாலும் சலுகை இல்லை. தங்கச்சிக்கு ஊரில் கிடைத்த சீதன வீடு இந்த நிபந்தனையில் நேராகப் போய் முட்டுகிறது. அவளுக்கும் கிடையாது, உனக்கும் கிடையாது. இப்போது விற்றாலும் பயனில்லை, "எக்காலத்திலும்" என்றால் எக்காலத்திலும்தான். ஊர் வீட்டின் உறுதிப் பத்திரம் இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்காதே. சலுகை கேட்கும் பத்திரத்தில் கையெழுத்து வைப்பது நீங்கள் இருவரும். அந்த 8,475 டொலரைக் கணக்கிலேயே எடுக்காமல் விடு.

சீதன வீட்டால் வரும் இன்னொரு தடை, எஃப்.எச்.எஸ்.ஏ. எனும் முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கு. ஆண்டுக்கு 8,000, மொத்தம் 40,000 வரை போடலாம். போடும் தொகைக்கு வருமான வரி குறையும், வீட்டுக்காக எடுக்கும்போதும் வரியில்லை. 2023இல் வந்த மிக நல்ல திட்டம். ஆனால் கணக்குத் திறக்கும் ஆண்டிலும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளிலும் உன்னுடைய அல்லது உன் மனைவியுடைய வீட்டில் நீ குடியிருந்திருக்கக் கூடாது, அது எந்த நாட்டு வீடானாலும் சரி. நீங்கள் விமானம் ஏறும்வரை இருந்தது அந்த வீட்டில். ஆகவே இப்போதைக்கு இருவருக்கும் வழியில்லை. அதே வீட்டைப் பற்றி ஒன்று மட்டும் உடனே செய்து வை: வந்திறங்கிய திகதியில் அதன் சந்தைப் பெறுமதி என்ன என்று ஊரில் ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் அறிக்கை எடு. பின்னொரு நாள் விற்றால் கனடா வரிக்கான லாபத்தை அந்த நாளின் பெறுமதியிலிருந்துதான் கணக்கிடுவார்கள். பத்து வருடம் கழித்து அந்த அறிக்கையைத் தேடினால் கிடைக்காது.

இனிக் கூட்டிப்பார். முற்பணம் 55,000, காப்புறுதியின் வரி 2,384, இரண்டு லான்ட் ட்ரான்ஸ்பர் வரியும் 24,950: மொத்தம் 82,334. சட்டத்தரணி, உரித்துக் காப்புறுதி, வீட்டுப் பரிசோதகர், விற்பவர் முன்கூட்டியே கட்டிய ஆதன வரியில் உன் பங்கு எல்லாம் சேர இன்னும் சில ஆயிரம். முற்பணத்துக்கு மேலதிகமாக, விலையில் 1.5 வீதம், அதாவது 12,000 டொலர், செலவுக்குக் கையில் இருக்கிறதா என்று வங்கி பார்க்கும். ரொறொன்ரோவில் அந்த 12,000, வரியின் பாதிக்கும் காணாது. வங்கி "சரி" என்றதை நம்பிப் போய்க் கடைசி வாரம் கைமாற்றுக்கு அலைவது இதனால்தான்.

மாதத் தவணை வேறு. 29,800ஐயும் சேர்த்தால் கடன் 774,800. வட்டி 4.5 வீதம், 25 வருடம் என்று வைத்தால் மாதம் ஏறத்தாழ 4,290 டொலர். ஆனால் வங்கி உன்னைச் சோதிப்பது அந்த வட்டியில் இல்லை. பேசிய வட்டியோடு 2 வீதம் கூட்டியது, அல்லது 5.25 வீதம், இரண்டில் எது பெரியதோ அதில் சோதிக்கும். 6.5 வீதத்தில் தவணை 5,190க்குக் கிட்ட வருகிறது. ஆதன வரி, சூடாக்கும் செலவு இரண்டுக்கும் மாதம் 550 என்று போட்டால் மொத்தம் 5,740. இது குடும்ப வருமானத்தில் 39 வீதத்தைத் தாண்டக் கூடாது. கார்க்கடன், கடனட்டைப் பாக்கி எல்லாம் சேர்ந்தால் 44 வீதம். அப்படியென்றால் இருவரும் சேர்ந்து வருடத்துக்குச் சுமார் 177,000 உழைக்க வேண்டும். உங்கள் இருவரின் சம்பளத் துண்டையும் வைத்து இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுப்பார். எந்த விலை வீட்டைப் பார்க்கலாம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். இப்போதைக்குப் புதுக் கார் வேண்டாம் என்று நான் சொல்வதும் அந்த 44 வீதத்தை நினைத்துத்தான்.

இனிக் கடதாசி. நீ பேஸ்மென்ட் வாடகையைக் காசாகக் கொடுப்பதாக எழுதியிருந்தாய். இந்த மாதத்தோடு நிறுத்து. புதிதாக வந்தவருக்குக் கடன் வரலாறு மெலிதாக இருக்கும். அந்த இடைவெளியை நிரப்ப வங்கி கேட்பது 12 மாதம் வாடகையும் பில்லும் ஒழுங்காகக் கட்டிய சான்று. வங்கியிலிருந்து வங்கிக்கு அனுப்பு. பற்றுச்சீட்டுக் கேட்டால் வீட்டுக்காரர் இலவசமாகத் தரவேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம், ஆகவே கொடுத்த மாதங்களுக்கும் கேட்டு வாங்கு. கடனட்டை ஒன்றை எடுத்து, அதன் கடன் எல்லையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் பாவிக்காமல், திகதி தவறாமல் முழுவதையும் கட்டு.

முற்பணக் காசின் கடைசி 90 நாள் வங்கிக் கூற்றுகளைக் கேட்பார்கள். இடையில் ஒரு பெரிய தொகை திடீரென்று விழுந்தால் அதன் தடம் எங்கே என்பார்கள். சீட்டுக் காசில் முற்பணம் போடலாம் என்று நினைப்பவர்கள் மாட்டுப்படுவது இதில்தான். கையில் கொடுத்துக் கையில் வாங்கிய காசுக்குத் தடம் கிடையாது. ஊரிலிருந்து அண்ணா அனுப்புவதானால் வங்கி வழியாக, அவர் பெயரிலிருந்து உன் பெயருக்கு வரட்டும். அது திருப்பித் தரத் தேவையில்லாத நன்கொடை என்று அவர் கடிதம் எழுதி ஒப்பமிட வேண்டும். உண்மையில் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் என்றால் அந்தக் கடிதத்தை எழுத விடாதே. வேலைக் கடிதமும் சம்பளத் துண்டும் "செய்து தருகிறோம்" என்பவர்கள் உன்னையும் தேடி வருவார்கள். அது மோசடி. அகப்பட்டால் அவர்கள் பெயர் எங்கேயும் இருக்காது, உன் கையெழுத்துத்தான் இருக்கும். இவ்வளவு பாடுபட்டு வந்த நாட்டில் அதற்கு ஒருபோதும் இடம் கொடுக்காதே.

வேலை அனுமதிப் பத்திரத்தில் இருக்கும் மச்சானையும் உறுதியில் சேர்த்தால் வருமானம் கூடுமே என்று கேட்டாய். வேண்டவே வேண்டாம். கனடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ இல்லாத ஒருவர் வாங்குபவர்களில் இருந்தால் ஒன்ராறியோ 25 வீத வரி போடும், அவர் பங்குக்கு மட்டும் இல்லை, முழு விலைக்கும். 800,000க்கு 200,000 டொலர். ரொறொன்ரோ நகரம் 2025 ஜனவரியிலிருந்து தன் பங்காக 10 வீதம் வேறு கேட்கிறது. அவர் உதவ விரும்பினால் வாடகைப் பங்கைத் தரட்டும்.

ஒஃபர், அதாவது இந்த விலைக்கு வாங்குகிறேன் என்ற பத்திரம், எழுதும் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அன்றைக்குத்தான் அவசரம் எல்லாம் ஒன்றாக வரும். ஒன்ராறியோவில் பழைய வீடு வாங்கி ஒப்பமிட்டபின் மனம் மாறித் திரும்பச் சட்டம் அவகாசம் தராது. கட்டுநரிடம் வாங்கும் புதுக் கொண்டோவுக்கு (அடுக்குமாடி வீட்டுக்கு) 10 நாள் உண்டு. உன்னைக் காப்பது நீ ஒஃபரில் எழுதும் நிபந்தனைகள்தான்: கடன் கிடைக்க வேண்டும் என்று ஒன்று, பரிசோதனை திருப்தியாக வேண்டும் என்று ஒன்று, வழக்கமாக ஐந்து வேலை நாள். போட்டி அதிகம், நிபந்தனை இல்லாமல் போடு என்று முகவர் நெருக்கலாம். வங்கி தந்த முன் அனுமதிக் கடிதம் கடன் இல்லை. அந்த வீட்டை அவர்கள் இன்னும் மதிப்பிடவே இல்லை. 800,000க்கு ஒப்பமிட்டபின் மதிப்பீடு 760,000 என்று வந்தால் வங்கி 760,000 பெறுமதிக்குத்தான் கடன் தரும். இடையில் உள்ள 40,000ஐ நீ காசாகப் போட வேண்டும். முடியாவிட்டால் ஒஃபரோடு கொடுத்த டெப்பொசிட், வழக்கமாக விலையில் 5 வீதம், போய்விடும். விற்பவர் வேறொருவருக்குக் குறைத்து விற்றால் அந்த நட்டத்துக்கும் வழக்குப் போடலாம். 2022 தொடக்கத்தில் உச்ச விலைக்கு ஒப்பமிட்டவர்கள் பலர் அப்படித்தான் மாட்டினார்கள். மத்திய வங்கியின் வட்டி அந்த மார்ச் தொடக்கத்தில் 0.25 வீதம், 2023 ஜூலையில் 5 வீதம்.

வீட்டுக்குள் போனால் குசினியின் கல்லுப் பலகையைப் பார்த்து நிற்காதே. நேரே பேஸ்மென்டுக்கு இறங்கு. வெளிச்சுவர் மூலையில் தரையோடு ஒட்டி, முழங்கால் உயரம்வரை டோர்ச் அடி. கொங்கிறீட்டில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது சுவருக்குள்ளால் தண்ணீர் வந்து காய்ந்து விட்டுச்சென்ற உப்பு. அந்த ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும், ஈரமுறிஞ்சும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தாலும் அதே சந்தேகம் கொள். பனி உருகும் காலத்திலோ நல்ல மழைக்கு மறுநாளோ இன்னொரு தரம் போய்ப் பார். சூடாக்கியின் பக்கத்தில் ஓடும் தண்ணீர்க் குழாய் செம்மஞ்சளும் நீலமுமாக இருந்தால் அது கைட்டெக்காக இருக்கக்கூடும். 1990களின் நடுவிலிருந்து 2007வரை பொருத்தப்பட்டது, இணைப்புகள் அரித்து ஒழுகும். 1960களின் நடுவிலிருந்து 70களின் கடைசிவரை கட்டிய வீடென்றால் மின்கம்பி அலுமினியமா என்று பரிசோதகரிடம் கேள். இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுக் காப்புறுதி எடுப்பது கடினமாகலாம், காப்புறுதி இல்லாமல் வங்கி காசை விடாது. ஆகவே நிபந்தனைக் காலத்துக்குள்ளேயே காப்புறுதிக்காரரையும் கூப்பிட்டுக் கேட்டுவிடு. வெந்நீர்த் தாங்கி வாடகைக்கா என்பதையும் கேள். ஒஃபரில் எழுதிவிட்டால் அந்த ஒப்பந்தம் உன் தலையில்.

பேஸ்மென்டை வாடகைக்கு விட்டுத் தவணையைச் சமாளிப்பதுதான் உன் திட்டம். அப்படியென்றால் விளம்பரத்தின் கடைசி வரியை வாசி. "பேஸ்மென்டின் ரெட்ரோஃபிட் (விதிப்படி மாற்றியமைத்த) நிலைக்கு விற்பவர் உத்தரவாதம் தரவில்லை" என்று இருந்தால், நகர அனுமதி பெறாத குடியிருப்பாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள். அனுமதிப் பத்திரமும் இறுதிப் பரிசோதனை முடிந்த சான்றும் இருக்கிறதா என்று சட்டத்தரணி மூலம் கேள். இல்லையென்றால் அந்த வாடகையைக் கணக்கில் சேர்க்காமல் வீடு கட்டுப்படியாகுமா என்று பார்.

கொண்டோ என்றால் அதன் நிர்வாகத்தின் நிதி நிலையைக் காட்டும் ஸ்டேட்டஸ் சேர்ட்டிபிகேற் எடுத்துச் சட்டத்தரணி வாசிக்கும்வரை ஒஃபர் உறுதியாகக் கூடாது. 100 டொலர், 10 நாளுக்குள் தரவேண்டும். திருத்த வேலை நிதி போதாமல் போனால் சொந்தக்காரர் எல்லோரிடமும் விசேட அறவீடு வரும்; அந்த எச்சரிக்கை அதற்குள் இருக்கும்.

என் கணிப்பில் அடுத்த வசந்தம்தான் உனக்குச் சரியான காலம். அதற்குள் 12 மாத வாடகைச் சான்று சேரும், முதல் வருமான வரி மதிப்பீடு கைக்கு வரும், ஒரு குளிர்காலத்தின் சூடாக்கும் செலவு தெரிந்திருக்கும். இந்தக் கிழமை நீ எனக்கு அனுப்ப வேண்டியவை மூன்று: இருவரின் கடைசிச் சம்பளத் துண்டு, கடன்களின் பட்டியல், சேமிப்புக் கணக்கின் மூன்று மாதக் கூற்று. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கூப்பிடு, இலக்கங்களை வைத்துக்கொண்டு கதைப்போம். தங்கச்சியும் பக்கத்தில் இருக்கட்டும், கையெழுத்து அவளுடையதும்தான்.

அன்புடன்,
ரவி