இடது கால் பூட்ஸ்

அன்பு மகளுக்கு,

வாத்தியார் காலமான செய்தியைப் போனில் சொன்னபோது நீ வேலையில் இருந்தாய், அதிகம் பேச முடியவில்லை. யார் கொள்ளி வைத்தது என்று மட்டும் கேட்டாய். கல்யாணம் காட்சி இல்லாத மனிதர் அல்லவா, அந்தக் கவலை உனக்கு வந்தது நியாயம்தான். அவருடைய பழைய கோல்கீப்பர் வைத்தார். ரங்கூன் யேவே மயானத்துக்கு நம்மவர்களைவிடப் பர்மியர்களே அதிகம் வந்திருந்தார்கள். லோஞ்சிக் கைலியை வரிந்து கட்டிக்கொண்டு பாடை தூக்கியவர்களில் பாதிப் பேருக்கு வயது அறுபதுக்கு மேல். எல்லோரும் ஒரு காலத்தில் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்.

நீ பார்த்தது திண்ணையில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்த கிழவரை. அதற்கு முந்தைய ஆளை உனக்குத் தெரியாது.

1964-இல் கடைகள் அரசுடைமையாகி, மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போனபோது, ரங்கூன் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறினார்கள். காது மூக்கில் இருந்ததைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுப் போன கதையை உன் ஆத்தா சொல்லியிருக்கிறாள். வாத்தியாரின் தாய் தகப்பனும் தங்கைகளும் சென்னைக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொன்னது, "கப்பலில் வாந்தி வரும்." அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தனியார் பள்ளிகளையும் அரசு எடுத்துக்கொண்டது. வெளிநாட்டவர் பதிவு அட்டை வைத்திருந்தவருக்கு அங்கே இடமில்லை. பகலில் வீடு வீடாகப் போய்க் கணக்கு டியூஷன் எடுத்தார். மாலையில் கோயில் மண்டபத்தில் தமிழ் நடத்தினார். பாடப்புத்தகம் கிடைக்காது, கார்பன் தாள் வைத்து அவரே பிரதி எடுப்பார். அடிப்பிரதி யாருக்கு வருகிறதோ அவன் பாடு திண்டாட்டம்.

விடியற்காலையில் பந்து. கம்பை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அப்போது ஒரு வெற்றுத் தரை கிடந்தது. மழைக்காலத்தில் முழங்கால் அளவு சேறு, மூங்கில் கோல்கம்பம். பந்து தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டால் ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயில் கடக்கும்வரை எல்லோரும் குந்தியிருப்போம். அந்த நேரத்தில் வாய்ப்பாடு கேட்பார்.

எங்கள் அணியில் பூட்ஸ் ஒரே ஒரு ஜோடி. யாரோ கழித்துப் போட்டது, பெரியவர்கள் அளவு. நுனியில் கந்தல் துணியைத் திணித்துத்தான் போட முடியும். அதை இரண்டு பையன்களுக்குப் பிரித்துக் கொடுப்பார், ஒருவனுக்கு வலது, மற்றவனுக்கு இடது. பூட்ஸ் இருக்கும் காலால் மட்டும்தான் உதைக்க வேண்டும். எனக்கு எப்போதும் இடதுதான் வரும். ஒரு மழைக்காலம் முழுக்க நான் உதைத்த பந்து கோலைத் தவிர எல்லாத் திசைக்கும் போயிற்று. அழுதுகொண்டு வலதைக் கேட்டால், "அந்தக் கால் ஏற்கெனவே பாஸ்" என்பார். பின்னாளில் கார்னர் எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள் என்பதைப் பெருமைக்காகவே எழுதுகிறேன்.

ஓட்டத்துக்கும் ஒரு முறை வைத்திருந்தார். குறள் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். ஏழு சீரும் பிசகாமல் வந்தால் வேகம் சரி. மூச்சு வாங்கிக் கடைசிச் சீரை விழுங்கினால் நிதானப்படு என்று பொருள். பர்மியப் பையன்களுக்கும் இதே சட்டம்தான். மயானத்தில் அவர்களில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அர்த்தம் தெரியாமலே ஒரு குறளை முழுதாகச் சொன்னார். ஈற்றுச் சீர் மட்டும் கொஞ்சம் உடைந்தது. வாத்தியார் கேட்டிருந்தால் இன்னொரு சுற்று ஓடவிட்டிருப்பார்.

1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று பர்மா தங்கம் வாங்கியதே, அந்த அணியில் கூர்க்கா வம்சத்து சுக் பகதூர் ஆடினார். சனம் மூட்டை கட்டிப் போய் மூன்று வருடம்கூட முடியாத நேரம் அது. சின்னப் பயல்களிடம் வாத்தியார் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வாராம். 1972 ம்யூனிக் ஒலிம்பிக் எனக்கே நினைவிருக்கிறது. சோவியத் அணியிடம் 0-1 என்று தோற்ற சேதி வந்ததும் நாங்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டோம். அவரோ, "ஒரே ஒரு கோல்தானடா போட முடிந்தது அவனால்!" என்று ஊருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். கடைசி ஆட்டத்தில் சூடானை 2-0 என்று வென்றபோதுகூட அத்தனை ஆட்டம் போடவில்லை.

இப்போது அவரைத் தெய்வமாக்கிப் பேசுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. வாய் பொல்லாதது. நன்றாக ஆடினாலும் பாராட்ட மாட்டார். உன்னை மைதானத்தில் இறக்க மறுத்தாரே, அதற்காக உன் அம்மா அவர் வீட்டு வாசலில் நின்று சண்டை போட்டாள். பெண் பிள்ளைக்கு எதற்குப் பந்து என்று அவர் சொன்னது தவறு. அவர் போய்விட்டார் என்பதற்காக அது சரியாகிவிடாது. உனக்கு அந்தக் கோபம் இன்னும் இருந்தால் இருக்கட்டும். ஆனால் ஜியோமிதி உனக்கு எப்படி வந்தது என்பதையும் நீதான் சொல்ல வேண்டும்.

தடிங்யுட் விளக்குத் திருவிழா முடிந்ததும் ஆசிரியர்களுக்கு மரியாதை செய்யும் விழாவைப் பழைய பிள்ளைகள் எல்லா வருடமும் நடத்துவார்கள், நீயும் சின்ன வயதில் கும்பிட்டிருக்கிறாய். இந்த முறை அவர் நாற்காலியை என்ன செய்வது என்று வாக்குவாதம் நடக்கிறது. படத்தை வைக்கலாம் என்று ஒரு கட்சி. வேண்டாம், டியூஷன் எடுக்கும் இளைய ஆசிரியை ஒருத்தி இருக்கிறாள், அவளை உட்காரவைக்கலாம் என்று நானும் கோல்கீப்பரும் சொல்கிறோம். அவள்தான் இப்போது காலையில் விசிலும் ஊதுகிறாள்.

நீ பணம் அனுப்புவதாகச் சொன்னாய். மாலைக்கும் சாப்பாட்டுக்கும் இங்கேயே சேர்ந்துவிட்டது. பந்தாக அனுப்பு. 4-ஆம் எண் போதும், வருகிற பயல்களும் பெண்களும் பத்துப் பன்னிரண்டு வயதுக்காரர்கள். காற்றடிக்கும் ஊசியையும் கூடவே போடு, இங்கே அதுதான் அடிக்கடி தொலைகிறது.

அன்புடன்,
அப்பா