எமது பூந்தோட்டச் சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, பிரதியை வீட்டில் இருந்து வாசிக்கப்போகும் ஏனைய உறுப்பினர்களே,

தைப்பொங்கல் ஒன்றுகூடல் தலைவர் வீட்டு முற்றத்தில் நடந்தது. சித்திரையில் ரோசாச் செடிகளுக்கான கத்தரிப்புப் பயிற்சி நடைபெற்றது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வழமைபோல் கூட்டம் எதுவும் இல்லை. செயற்குழு ஒழுங்காகக் கூடியது; கூட்டம் நடத்த வேண்டிய ஆள் எண்ணிக்கை மட்டும் சில வேளைகளில் தேநீர் வந்த பிறகே சேர்ந்தது.

இனிக் கமெலியாப் பூச்செடித் திட்டம். இதைப்பற்றிச் சங்கத்துக்கு வெளியே பலவிதமாகப் பேசப்படுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஐப்பசி மழை தொடங்கினால் எங்கள் வளவுகளில் மல்லிகை ஓய்ந்துவிடுகிறது. திருவெம்பாவைக் காலத்தில் பூக்கூடையை நிரப்புவது பெரும்பாலும் செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும்தான். யப்பானின் தென்பகுதியில் இயல்பாக வளரும் சசன்குவாக் கமெலியா அதே ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் மாதங்களில் பூப்பது. பெரிய பூக் கமெலியாக்களைவிட வெயிலையும் நன்றாகத் தாங்குவது. ஆகவே மலைநாட்டு நாற்றுமேடை ஒன்றிலிருந்து கன்றுகளை வருவித்துப் பன்னிரண்டு உறுப்பினர்களுக்குக் கொடுத்தோம். குளிர்நாட்டுச் செடிக்கு யாழ்ப்பாணத்தில் என்ன வேலை என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். 1867இல் மலைநாட்டு லூல்கந்துரத் தோட்டத்தில் தோட்டத்துரை ஜேம்ஸ் ரெயிலர் பயிரிட்ட தேயிலையும் கமெலியாப் பேரினம்தான் என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

நிலத்தில் நடாமல் ஏன் சாடி என்பதையும் பலர் கேட்டார்கள். கமெலியாவுக்கு மண்ணின் பி.எச்., அதாவது அமில, கார அளவு, 5.5க்கும் 6.5க்கும் இடையில், சற்று அமிலமாக இருக்கவேண்டும். எங்கள் செம்மண்ணின் கீழே இருப்பதோ சுண்ணாம்புக்கல். கந்தகம் போட்டு அமிலத்தன்மையைக் கூட்டினாலும் அந்தக் கல் அதை விரைவில் முறித்துவிடும். அதனால்தான் மலைநாட்டு மண்ணும் தும்புத்தூளும் கலந்து சாடியில் வைத்தோம். கிணற்று நீருக்கும் இதே குணம் உண்டு. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைத்தான் நாம் வேருக்கும் ஊற்றுகிறோம். மாதக்கணக்கில் அப்படி ஊற்றினால் மண் காரமாகும், செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது, நரம்பு பச்சையாக நிற்க இலை மஞ்சளாகும். இவை அனைத்தும் வைகாசியில் அனுப்பிய சுற்றறிக்கையில் இருந்தன. மழைநீரை ஊற்றுங்கள், அடித்தண்டை மண்ணில் புதைக்காதீர்கள், வேர் மேலோட்டமாக ஓடுவதால் சவுக்குச் சருகால் மூடிவிடுங்கள், பிற்பகலில் மாமர நிழல் விழும் இடத்தில் வையுங்கள் என்று எழுதியிருந்தேன்.

நடந்தது என்ன? ஓர் உறுப்பினர் அடுப்புச் சாம்பலைத் தவறாமல் போட்டிருக்கிறார். வாழைக்கு நல்லதுதான், கமெலியாவுக்குச் சாம்பல், சுண்ணாம்புக்குத் தம்பி. இன்னொருவர் வீட்டில் ஆவணியில் வேலி வெட்ட வந்தவர் செடியையும் சேர்த்துக் கத்தரித்துவிட்டார். மொட்டு கோடையிலேயே கட்டத் தொடங்குவதால், பூத்து முடிந்த உடனேதான் கத்தரிக்கவேண்டும். நவம்பர் இறுதியில், பின்னர் பெங்கல் புயலான தாழமுக்கம் மழையைக் கொட்டியபோது மாதக்கணக்கில் ஊற்றப் போதுமான நீர் எல்லோர் வாசலாலும் ஓடியது. பிடித்துவைத்தவர்கள் இருவர். ஏனையோரிற் பலரின் சாடிகள் வெள்ளத்தில் நின்று வேர் அழுகின.

நான்கு செடிகள் நன்றாக இருக்கின்றன. பூத்ததா என்று கேட்பவர்களுக்கு: உபதலைவர் வீட்டுச் செடி மொட்டு வைத்தது. மொட்டு விரியாமல் உதிர்வது, வெக்கையாலும் நீர் ஒருநாள் மிகுந்து மறுநாள் இல்லாமற் போவதாலும் எந்த நாட்டிலும் நேர்வதே. முதலாண்டிலேயே மொட்டு வரை வந்த திட்டத்தைத் தோல்வி என்று சொல்வோர் தங்கள் சாடியையும் கொண்டுவந்து காட்டலாம்.

வரவு செலவு பொருளாளரால் சமர்ப்பிக்கப்படும். பொதுவாகச் சொன்னால் கையிருப்பு இருக்கிறது, ஆனால் பெரிதாக இல்லை. கமெலியாவில் பணம் போய்விட்டது என்ற பேச்சு சரியல்ல. பணம் வராததே காரணம். உறுப்பினர்களில் பாதிப்பேருக்கு மேல் சந்தா செலுத்தவில்லை. அவர்களிற் சிலர் இலவசக் கன்று வழங்கிய அன்று மட்டும் முன்வரிசையில் இருந்தார்கள். பெயர்கள் இங்கே வாசிக்கப்படமாட்டா. பட்டியல் என் மேசையில் இருக்கிறது.

மண்டபம் தந்த வாசிகசாலையினருக்கும், தலைவருக்கும், தேநீர் தயாரித்த மகளிர் குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டில் மழைநீர்த் தாங்கி ஒன்று அமைக்கும் எண்ணம் உண்டு. கூரையும் பீலியும் என் வீட்டில் ஆயத்தமாக இருக்கின்றன. தாங்கிக்குத்தான் பணம் இல்லை. அது அமையாவிட்டால் இப்பதவியில் தொடர்வது பற்றி நான் யோசிக்கவேண்டியிருக்கும். கமெலியாச் சாடியைத் திருப்பித் தர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லலாம். செடி பட்டிருந்தாலும் மண்ணோடு தரவேண்டும். அந்த மண் லொறிக்கூலி கொடுத்து வந்தது.

செயலாளர்