டைம் ஆபீஸில் இருப்பவர்களையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிதாக ஆள் எடுக்கும் முதலாளிக்கும், முதல் வேலையில் சேருபவருக்கும் மத்திய அரசு பணம் தரும் பிரதம மந்திரி விக்சித் பாரத் ரோஜ்கர் யோஜனா பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 99,446 கோடி ரூபாய் ஒதுக்கீடு, 3.5 கோடி வேலை, 2025 ஆகஸ்ட் முதல் 2027 ஜூலை வரை என்று எல்லா விவரமும் இருந்தது. இந்தப் பணத்தைக் கேட்டு விவரங்களை ஏற்றப்போகிற ஆட்களைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. நான் அந்த ஆட்களில் ஒருவன். திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் டைம் ஆபீஸில், அதாவது வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் பார்க்கும் பிரிவில், 17 வருடமாகச் சம்பள லிஸ்ட் போடுகிறேன். யாருக்கு எவ்வளவு பி.எஃப். என்ற கணக்கை, அதாவது ரிட்டர்னை, மாதம் 15ஆம் தேதிக்குள் ஏற்றுவதும் என் பொறுப்பு.

இதற்கு முன் வந்த திட்டத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். கொரோனா சமயத்தில் ஆத்மநிர்பர் பாரத் ரோஜ்கர் யோஜனா வந்தது. 2020 அக்டோபர் 1 முதல் புதிதாகச் சேர்ந்து, 15,000 ரூபாய்க்குக் கீழ் சம்பளம் வாங்குபவர்களுக்கு இரண்டு வருடம் மத்திய அரசே பி.எஃப். கட்டும். ஆயிரம் பேர் வரை உள்ள கம்பெனி என்றால் முதலாளி பங்கு 12 சதவீதம், தொழிலாளி பங்கு 12 சதவீதம் இரண்டுமே அரசு தரும். ஆகவே தொழிலாளி சம்பளத்தில் பி.எஃப். என்று ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது.

நான் அப்போது இருந்த கம்பெனியில் பிடித்தார்கள். பிடித்ததை லிஸ்டில் ஏற்றியவன் நான்தான்.

தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு அம்மா, சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். சம்பளம் 9,500, பி.எஃப். பிடித்தம் 1,140. "ஏனுங்ண்ணா, பி.எஃப். பணத்தை கவர்மென்டே கட்டுதுன்னு டி.வி.ல சொன்னாங்களே, அப்புறம் எனக்கு எதுக்குங்க புடிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மேனேஜரிடம் போய்க் கேட்டேன். "பாஸ்புக்ல பணம் ஏறுதில்ல, அவங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றார்.

சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. பி.எஃப். அலுவலக எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் வருகிற எஸ்.எம்.எஸ்.ஸில் போன மாதம் இவ்வளவு ஏறியது, மொத்தம் இவ்வளவு என்று சரியாகக் காட்டும். தன் சம்பளத்தில் பிடித்ததுதான் அங்கே ஏறியிருக்கிறது என்று அந்த அம்மா நம்பிவிடுவார். ஏறியது அரசுப் பணம். அவரிடம் பிடித்த 1,140 கம்பெனியிலேயே தங்கிவிட்டது.

ஐந்து மாதம் நானும் அப்படியே லிஸ்ட் போட்டேன். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ், வீட்டு வாடகை என்று காரணம் சொல்லலாம், ஆனாலும் தப்பு தப்புதான். ஆறாவது மாதம் திட்டத்தின் விதியைத் தமிழில் எழுதி அந்த அம்மாவிடமும் இன்னும் ஆறு பேரிடமும் கொடுத்தேன். சம்பளச் சீட்டை ஒன்றுவிடாமல் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவர்கள் சேர்ந்து போய்க் கேட்டதும் பிடித்தம் நின்றது. பழைய ஐந்து மாதத்துக்கான 5,700 ரூபாய் யாருக்கும் திரும்பி வரவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் நான் வேறு கம்பெனி தேட வேண்டியதாயிற்று.

இன்னொரு வேலையும் நடந்தது. 2020 மார்ச் முதல் செப்டம்பர் வரை வேலை இழந்தவர்களைத் திரும்ப எடுத்தாலும் அந்தத் திட்டத்தில் சலுகை உண்டு. ஆகவே இடைவிடாமல் வேலை பார்த்தவருக்கு ஜூனில் விலகியதாகத் தேதி போட்டு, அக்டோபரில் புதிதாகச் சேர்த்ததாகக் காட்டுவது. நண்பர் ஒருவரை இதைச் செய்யச் சொன்னார்கள். மறுத்தார். பக்கத்து சீட்டில் இருந்த பையனை உட்கார வைத்துச் செய்துகொண்டார்கள். ரிட்டர்ன் முதலாளி பெயரில் போகிறது, பாஸ்வேர்டு எங்களிடம் இருக்கிறது. நாளைக்கு விசாரணை என்று வந்தால் "டைம் ஆபீஸ் தப்பு பண்ணிவிட்டது" என்று சொல்வது ரொம்பச் சுலபம்.

எல்லா முதலாளிகளும் இப்படி இல்லை. ஆர்டர் கேன்சலாகி நின்ற நேரத்தில் அந்தத் திட்டத்தை வைத்து நிஜமாகவே ஆள் எடுத்தவர்களையும் எனக்குத் தெரியும். அதனால்தான் இதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

புதிய திட்டத்தில் தொகை பெரிது. 10,000க்கு மேல் 20,000 வரை சம்பளத்தில் கூடுதலாக எடுக்கும் ஒவ்வொருவருக்கும் முதலாளிக்கு மாதம் 2,000 ரூபாய் கிடைக்கும். உற்பத்தித் துறை என்றால் நான்கு வருடம். ஒரு டெய்லருக்கு 96,000, ஐம்பது டெய்லருக்கு 48 லட்சம். ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு பெயரில் கம்பெனி வைத்திருப்பவருக்கு ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு ஆளை மாற்றிக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? முக அடையாளம் வைத்துத்தான் யு.ஏ.என். என்ற பி.எஃப். அடையாள எண்ணை எடுக்க முடியும், ஏமாற்ற முடியாது என்கிறார்கள். ஆள் உண்மையான ஆள்தான். சேர்ந்த தேதிதானே பொய்.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறு. ஆறு வருடமாக பி.எஃப். இல்லாமல் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை இப்போது "முதல் வேலை" என்று பதிவு செய்தால், அவருக்கு 15,000 ரூபாய் வரை இரண்டு தவணையாக வரும். சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். அதோடு அவருடைய ஆறு வருட சர்வீஸ் ஏட்டில் இல்லாமல் போய்விடும். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம், பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து வருடம் காட்ட வேண்டும். அவர் எதைக் காட்டுவார்?

பி.எஃப். அலுவலகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். ஒருவரைப் புதியவர் என்று ஏற்றும்போதே அவர் செல்போனுக்கு, "இந்தத் தேதியில்தான் சேர்ந்தீர்களா? இதற்கு முன் இதே இடத்தில் வேலை பார்த்தீர்களா?" என்று தமிழில் ஒரு செய்தி அனுப்புங்கள். ஒடிசா, பீகார் ஆட்களுக்கு அவர்கள் மொழியில் போகட்டும். ஆய்வுக்கு வருகிறவர்கள் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுப்பதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் பழைய பஞ்சிங் வருகைப் பதிவு, போனஸ் ரிஜிஸ்டர், இ.எஸ்.ஐ. பட்டியல் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். முதலாளி அறைக்கு வெளியே எங்களிடமும் தனியாகப் பேசுங்கள்.

முறைகேட்டைச் சொல்பவர்களைக் காக்க 2014இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அது அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்கானது. தனியார் கம்பெனிக் கணக்கருக்கு அதில் இடம் இல்லை. பெயர் வெளியே வராமல் புகார் சொல்ல ஒரு வழியும், சொன்னதற்காக வேலையை விட்டு எடுத்தால் கேட்க ஒரு விதியும் இந்தத் திட்டத்துக்குள்ளேயே வேண்டும். 2027 ஜூலை வரை நேரம் இருக்கிறது.

இதை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வருகிற 15ஆம் தேதியும் நான்தான் ரிட்டர்ன் ஏற்ற வேண்டும்.

வாசகர் ஒருவர்,
திருப்பூர்