ஆடிப் பதினெட்டும் பக்குவாரே ஆறும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாயிக்கு முழங்கால் வலி போன வாரத்துக்கு இந்த வாரம் தேவலாம். மேட்டூரை ஜூன் 12ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். கொள்ளிடத்தில் நல்ல தண்ணீர். வாய்க்காலிலும் முறை வைக்காமல் வருகிறது, கீழத்தெருவில் நாற்றங்கால் விட்டுவிட்டார்கள்.

அங்கே கோஸ்டா ரிகாவில் வாரத்துக்கு ஒரு நாள்தான் போனைக் கையில் கொடுப்பார்கள், மற்ற நாளெல்லாம் ஸ்பானிஷ் மட்டும்தான் பேச வேண்டும் என்று சொல்லியிருந்தாய். அதனால்தான் ஈமெயிலில் எழுதுகிறேன். போன் வந்ததும் படித்துவிடு. நிதானமாகப் படி.

அம்மாவிடம் ஆமைகளைப் பற்றிச் சொன்னாயாம். அவள் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். என்னிடம் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னாய். காலையிலேயே சோறும் கறுப்பு பீன்ஸும் கலந்து கிண்டிக் கொடுக்கிறார்கள், காயோ பிந்தோ என்று பேர், தொட்டுக்கொள்ள வாழைப்பழம் பொரித்தது என்று. கேட்டு சந்தோஷப்பட்டேன். சோறு தின்கிற ஊருக்குத்தான் போயிருக்கிறாய் என்று அப்பாயியிடமும் சொன்னேன். தம்பியிடம் மட்டும் படகைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். கல்லூரி அனுப்பிய அட்டவணையை அவன் காட்டித்தான் எனக்குத் தெரியும். ஆகஸ்ட் 2, 3: பக்குவாரே ஆற்றில் ராஃப்டிங், இரவு ஆற்றங்கரையில் தங்கல் என்று போட்டிருந்தது. பக்குவாரே என்ற பேரை நீ என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

இந்த வருஷம் ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி. அது உனக்கும் தெரியும்.

ராஃப்டிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீ இருபது வயதுப் பிள்ளை, உன் படிப்பு, உன் ஸ்காலர்ஷிப். விவரம் தெரிந்துகொள்ளலாமே என்று அந்த ஆற்றைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். கீழணையில் ஆயுசு முழுக்க ஷட்டரையும் அளவுகோலையும் பார்த்துக்கொண்டு இருந்தவனுக்கு வேறு என்ன படிக்கத் தோன்றும்? தலமன்கா மலையில் பிறந்து கரீபியன் கடலில் போய்ச் சேருகிறது. மேல் பகுதியில் கபேகார் என்னும் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அந்த ஆற்றின் குறுக்கே அணை இல்லை. தோஸ் மோந்தான்யாஸ் என்ற இடுக்கில், இரண்டு மலையும் கிட்டே வரும் இடத்தில், மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டம் போட்டிருந்தார்கள். 2005இல் நீ இருக்கிற துர்ரியால்பா ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 2015இல் அந்த நாட்டு ஜனாதிபதி சோலிஸ், 25 வருஷத்துக்கு அந்த ஆற்றில் மின் அணை கூடாது என்று உத்தரவே போட்டார். பக்கத்து ஆறு ரெவென்டசோனில் அணை வந்த பிறகு அங்கே படகு விட்டுப் பிழைத்தவர்கள் பாடு என்ன ஆயிற்று என்று பார்த்தவர்கள் அவர்கள். நான் அணையில் சம்பளம் வாங்கியவன். இருந்தாலும் அவர்கள் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. ஓர் ஊர் தன் ஆற்றுக்காக ஓட்டுப் போட்டது என்று இங்கே டீக்கடையில்கூடச் சொன்னேன்.

ஆனால் அணை இல்லாத ஆறு என்றால் என்ன அர்த்தம் என்று நீ யோசித்துப் பார்க்க வேண்டும். எங்களுக்கு மேட்டூரிலிருந்து தகவல் வரும், முக்கொம்பிலிருந்து தகவல் வரும். இத்தனை ஆயிரம் கன அடி விட்டிருக்கிறோம், இத்தனை மணிக்கு உங்களிடம் வரும் என்று சொல்லிவிடுவார்கள். நாங்கள் கரையோரம் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்போம். பக்குவாரேயில் யார் சொல்லுவார்கள்? மலையில் பெய்கிற மழை நேரே கீழே வரும். கரீபியன் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் மழை உண்டு என்று போட்டிருக்கிறது. நீ இருக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே கறுத்திருக்கும். அதனால் கிளம்புவதற்கு முன்னால் கைடிடம் கேள், ராத்திரி மேலே மழை உண்டா என்று. ஸ்பானிஷில் கேட்கத் தெரியாவிட்டால் கையைக் காட்டியாவது கேள். வெட்கப்படாதே. தண்ணீர் கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வந்தால் ஏற்றம் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்.

லைஃப் ஜாக்கெட்டை வாங்கியதும் எல்லாப் பக்கிளையும் போட்டு வாரை இறுக்கு. பிறகு பக்கத்தில் இருக்கிறவரைத் தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே இழுக்கச் சொல். காதுவரை ஏறி வந்தால் அது உனக்குப் பெரிது, மாற்றிக் கேள். மாற்றித் தரும்வரை படகில் ஏறாதே. துடுப்பின் தலைப்பிடியிலிருந்து கையை எடுக்காதே, எடுத்தால் அது பக்கத்தில் இருப்பவர் பல்லைப் பதம் பார்க்கும். விழுந்துவிட்டால் மல்லாந்து படு. கால் இரண்டும் ஓட்டம் போகிற பக்கம் இருக்கணும், கால் விரல் தண்ணீருக்கு மேலே தெரியணும். ஓடுகிற தண்ணீரில் எழுந்து நிற்கவே நிற்காதே. இடுப்பளவுதானே என்று தோன்றும். கல் இடுக்கில் பாதம் மாட்டினால் தண்ணீர் முதுகில் ஏறி ஆளை மடக்கிப் போட்டுவிடும். கயிற்றுப் பையை வீசுவார்கள். பையைப் பிடிக்காதே, கயிற்றைப் பிடி. தோள் மேல் போட்டுக்கொண்டு மல்லாந்தே இரு, இழுத்துக்கொள்வார்கள்.

எனக்கு நீச்சல் தெரியும்பா என்று மட்டும் சொல்லாதே. நம் வீட்டில் அந்தப் பேச்சு எடுபடாது. சித்தப்பாவைவிட நன்றாக நீந்துகிறவனை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

படகில் கைடு கத்துவது எல்லாம் ஸ்பானிஷில்தான் இருக்குமாமே. அதேலாந்தே என்றால் முன்னால் போடு, அத்ராஸ் என்றால் பின்னால், அல்தோ என்றால் நிறுத்து. நான் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன், தம்பி சிரிக்கிறான். நீ அந்த மொழியிலேயே கனவு காண்கிற அளவுக்கு வந்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை தெரியாது. இப்போது ஒரு வீட்டில் உட்கார்ந்து அந்த வீட்டம்மாவோடு சந்தைக்குப் போகிறாய், பேரம் பேசுகிறாய். எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. இருந்தாலும் அவசரத்தில் காதில் விழுகிற வார்த்தை வேறு, சந்தையில் விழுகிற வார்த்தை வேறு. தண்ணீர் இரைச்சலில் எந்த மொழியும் பாதிதான் கேட்கும். அந்த மூன்று வார்த்தையையும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்.

ஆமை வேலைக்குப் போவது பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. தோர்துகேரோ கடற்கரையில் ராத்திரி நடக்க வேண்டும், வெள்ளை டார்ச் அடிக்கக் கூடாது, சிவப்பு விளக்குதான், போட்டோ எடுக்கக் கூடாது என்று நீ சொன்னதை அம்மா அப்படியே ஒப்பித்தாள். பச்சை ஆமை, அதுதான் நம் கரையில் பேராமை என்பார்கள், அங்கே ஜூலையிலிருந்து அக்டோபர்வரை கூட்டம் கூட்டமாக ஏறுமாம். ஒரு காலத்தில் அதையெல்லாம் சூப்புக்காகப் பிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்த கரை அது. ஆர்ச்சி கார் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1950களில் அங்கே வந்து உட்கார்ந்து, ஆமையின் துடுப்புக் காலில் தகடு மாட்டி எண்ணத் தொடங்கினார். 1975இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. அந்த எண்ணிக்கை இன்னும் நடக்கிறது, அதில் நீயும் ஒரு ராத்திரி எண்ணப் போகிறாய். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் போடும், எண்ணிக்கை தப்பினால் எல்லாம் வீண் என்று பயப்படுகிறாயாம். பயப்படாதே. சின்ன வயதில் கூழையார் கரையில் வனத்துறைக்காரர் பொரிப்பகத்தில் பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கூடையில் எண்ணிப் போட்டபோது, அவர் தப்பாக எண்ணுகிறார் என்று சொன்னவள் நீ. அவரும் திருப்பி எண்ணினார், நீ சொன்னதுதான் சரி. அன்றைக்கே எனக்குத் தெரியும், இவள் இந்தப் பக்கம்தான் போவாள் என்று. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கிய செய்தி வந்தபோது நீ போனில் அழுதாய். இழுவலையில் ஆமை தப்பிக்க ஒரு வழி வைத்தாலே போதும் என்று எனக்கு விளக்கிச் சொன்னாய். அந்தப் படிப்பைப் படிக்கத்தான் போயிருக்கிறாய். போ, படி.

அம்மாவுக்கு அந்தக் கடற்கரைதான் பயம். 2013இல் அந்த நாட்டு மோயின் கரையில் ஹைரோ மோரா என்ற பையனை, ஆமை முட்டையைக் காவல் காத்ததற்காகக் கொன்றுவிட்டார்கள். இருபத்தாறு வயது. யாரோ அதை அவளுக்கு அனுப்பிவிட்டார்கள், அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நீ போகிற இடம் அது இல்லை, பூங்காவுக்குள், கூட்டமாக, வழிகாட்டியோடு என்று நான்தான் சமாதானம் சொன்னேன். நீயும் ஒரு வார்த்தை சொல். தனியாகப் பின்தங்கி நடக்காதே. எனக்கு அந்தப் பயம் இல்லை. மனுஷனிடமிருந்து தப்பிக்க உனக்குப் புத்தி இருக்கிறது.

இன்னொன்று. ஆகஸ்ட் 2 அந்த நாட்டில் பெரிய விசேஷமாமே. கார்த்தாகோவில் கறுப்புக் கல்லில் ஒரு சின்ன மாதா சிலை, லா நெக்ரீத்தா என்று கூப்பிடுகிறார்கள். 1635இல் விறகு பொறுக்கப் போன ஒரு பெண் பாறை மேல் கண்டெடுத்தாளாம். வீட்டுக்குக் கொண்டுபோனாலும் அது மறுபடி பாறைக்கே வந்துவிட்டதாம். நம் ஊர் அம்மன் கதை மாதிரியே இருக்கிறது. நாடே நடந்து போகிறது, லட்சக்கணக்கில். கோயிலுக்குள் சிலர் முழங்காலிலேயே போகிறார்கள். அந்தப் பாறைக்குப் பக்கத்தில் ஊற்று, அதில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். அந்த வீட்டம்மா வருஷா வருஷம் நடந்து போகிறாள், என்னையும் கூப்பிட்டாள் என்று நீ அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். துர்ரியால்பாவிலிருந்து கார்த்தாகோ மலைப்பாதை, ராத்திரி முழுக்க நடக்க வேண்டியிருக்கும். அவர்களோடு பேசிக்கொண்டே போனால் வகுப்பில் வராத ஸ்பானிஷ் எல்லாம் வந்துவிடாதா? படகில் போகிறவர்கள் உன் கல்லூரிப் பிள்ளைகள்தானே, அவர்களோடு இங்கிலீஷில்தானே பேசுவாய்? மொழி கற்கத்தானே அனுப்பியிருக்கிறார்கள். ஆறு எங்கேயும் போகாது, 25 வருஷத்துக்கு அதைத் தொடக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். வேறு ஒரு தேதியில் போகலாம். இதை ஒரு யோசனையாகத்தான் சொல்கிறேன்.

அப்பாயிக்கு நீ மலை மேல் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாய் என்று மட்டும்தான் தெரியும். மூன்றாம் தேதி வழக்கம்போல அவள் ஆற்றுப் பக்கம் வர மாட்டாள். அம்மாதான் சித்ரான்னம் கிளறுவாள். காப்பரிசியும் மஞ்சள் கயிறும் மேலத்தெரு அத்தை கொண்டுபோய்ப் படித்துறையில் வைத்துவிட்டு வருவாள். நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன். உனக்குத் தெரிந்ததுதான்.

நீ போவதாக இருந்தால், போவதாக இருந்தால்தான் சொல்கிறேன், கூடவே பாதுகாப்புக்கு கயாக் என்னும் சின்னப் படகில் ஒருவர் வருகிறாரா என்று கேள். தண்ணீர் அதிகமாக இருந்தால் பயணத்தை நிறுத்துவார்களா, யார் முடிவு செய்கிறார்கள் என்று கேள். ஹெல்மெட் வாரையும் இறுக்கு. செருப்பு வேண்டாம், கயிறு கட்டுகிற ஷூ போடு. ஜாக்கெட் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார். இதை எழுதிவிட்டேன் என்று தெரியும், மறுபடி எழுதுகிறேன்.

படகு சிக்கிர்ரெஸ் பக்கம் கரையேறும் என்று அட்டவணையில் இருக்கிறது. போனை ஆசிரியரிடம் கேட்டு வாங்கு, எங்கள் வீட்டில் அன்றைக்கு முக்கியமான நாள் என்று சொல், கொடுப்பார்கள். அங்கே மாலை ஐந்து என்றால் இங்கே மறுநாள் விடிகாலை நாலரை. நேரம் பார்த்துத் தயங்காதே. கார்த்தாகோ போனாலும் சரி, ஆற்றுக்குப் போனாலும் சரி, எனக்கே போன் பண்ணு. தம்பிக்கு அனுப்பிச் சொல்லச் சொல்லாதே.

பணம் போதுமா? மழைக்கோட்டு வாங்கினாயா இல்லையா என்று அம்மா கேட்கிறாள். அதற்கும் பதில் போடு.

அன்புடன்,
அப்பா