ஆடிக்கு முன்னால் பேசி முடியுங்கள்

சுங்கை சிப்புட், மலேசியா
ஜூன் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. "உயிரோடு இருந்தால் ஒரு வரி போடு" என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். போனில் பேசுவதெல்லாம் உங்கள் கணக்கில் சேராது என்பது தெரிந்ததுதானே. வீட்டு விஷயம் ஒன்று இழுத்துக்கொண்டே இருந்தது, முடிந்ததும் நல்ல சேதியாக எழுதலாம் என்று இருந்தேன். நேற்றுதான் முடிந்தது.

இங்கே எல்லோரும் சுகம். அவருக்கு மில்லில் ஓவர்டைம் இல்லை. சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுகிறார், உடம்புக்கும் நல்லதுதான். பகலெல்லாம் வெயில், நாலு மணியானால் மழை. துணி காய்ந்தபாடில்லை. டுரியான் சீசன் தொடங்கிவிட்டது, தெருவே மணக்கிறது. நாற்றம் என்றால் அத்தைக்குக் கோபம் வரும்.

பக்கத்து வீட்டு ஆ சிம்மை அம்மா எப்போதும் விசாரிப்பாளே, அந்தச் சீனக் கிழவி நன்றாக இருக்கிறாள். அவள் அப்பா ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகளோடு வளர்ந்தவள் என்பதால் என்னைவிடச் சத்தமாகத் தமிழ் பேசுகிறாள். அவள் நாய்க்கும் தமிழில் திட்டினால்தான் புரியும். "ஏய் கழுதை, உள்ளே போடா" என்று காலையில் அவள் கத்துவதுதான் எங்களுக்கு அலாரம். இந்தத் தடவை எங்களைக் காப்பாற்றியதும் அவள்தான்.

இங்கே வீட்டு அக்ரிமென்டை எப்படிப் புதுப்பிக்கிறார்கள் என்று அண்ணன் கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நாங்கள் இப்போது அதில்தான் மாட்டியிருந்தோம். எங்கள் ரெண்டு வருஷக் கெடு ஆகஸ்ட் 31இல் முடிகிறது. தொடர்ந்து இருக்க வேண்டுமானால் ரெண்டு மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று காகிதத்தில் இருக்கிறது. இவர் வழக்கம்போல, வீட்டுக்காரச் சீன முதலாளியை, அதாவது தவுக்கேயை, கடையில் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றார். நான் விடவில்லை, எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கி வந்தேன். மறுநாளே வாட்ஸ்அப்பில் பதில் வந்துவிட்டது: 600 வெள்ளி (ரிங்கிட்) வாடகை இனி 700.

தவுக்கே கெட்டவர் இல்லை. ஆனால் கூரை ஒழுகுகிறது என்றால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. இங்கே குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இன்னும் வரவில்லை, காகிதத்தில் எழுதியதுதான் பேச்சு. கோர்ட் உத்தரவு இல்லாமல் பூட்டைப் போட்டுத் துரத்த முடியாது. ஆனால் கெடு முடிந்தும் காலி செய்யாமல் உட்கார்ந்திருந்தால் இரட்டை வாடகை கேட்க 1956ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றில் இடம் இருக்கிறது.

ஆ சிம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டு, "பயப்படாதே, செப்டம்பரில் எவன் வருவான்?" என்றாள். சீனர்களுக்கு ஏழாம் மாதம் பேய் மாதமாம். ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும். அந்த மாதம் கல்யாணம் வைக்க மாட்டார்கள், வீடு மாற மாட்டார்கள், நம் ஆடி மாதிரியே. எங்கள் தெருவில் வீடு கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் சீனர்கள்தான். நாங்கள் போனால் வீடு ரெண்டு மாதமாவது பூட்டிக் கிடக்கும். அதற்கே 1,200 வெள்ளி நஷ்டம். மாதம் 100 ஏற்றி வருஷம் முழுக்க வாங்கினாலும் அதே 1,200தான். தவுக்கே பழைய இரும்பு விற்றுப் பிழைத்த மனுஷன், இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நான் பேயைப் பற்றி வாயே திறக்கவில்லை, காப்பி கொடுத்துச் சும்மா உட்கார்ந்திருந்தேன். 650 என்று அவராகவே இறங்கினார். சமையலறைக் கூரைத் தகரத்தை மாற்றித் தருவதாகவும், அடுத்த முறை 10 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றுவதில்லை என்றும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

அண்ணனுக்குச் சொல்ல வேண்டியது இது: வாடகை ஏறினால் அட்வான்ஸும் கூடவே ஏறுகிறது. இங்கே ரெண்டு மாத வாடகை டெபாசிட், தண்ணீர் கரண்டுக்கு அரை மாதம். 50 ஏறியதும் 125 வெள்ளி கூடுதலாகக் கட்டச் சொன்னார்கள். அப்புறம் முத்திரை வரி. வருஷ வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும், ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு 1 வெள்ளி, அதற்கு மேல் மூன்று வருஷம் வரை 3 வெள்ளி. முன்பு முதல் 2,400க்கு விலக்கு இருந்தது, 2025இலிருந்து அதையும் எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு 96, நகலுக்கு 10. ஆக 231 வெள்ளி எடுத்து வைத்தோம். ஒரு சிரமமும் இல்லை, அம்மாவிடம் சொல்லுங்கள்.

அத்தைக்கு இதெல்லாம் வேடிக்கை. அவர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியின் புத்தகத்தில் பேர் இருக்கும்வரைதான் லயத்தில் வீடு, பேரை அடித்தால் பாயைச் சுருட்ட வேண்டியதுதான். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் வேலையும் வீடும் ஒன்றாகவே போயின. அதற்காகத்தான் இந்த ஊர்க்காரர், மந்திரியாக இருந்த சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்துத் தொழிலாளர் காசிலேயே தோட்டம் வாங்க வைத்தார் என்று யார் வந்தாலும் சொல்வார். நேற்று நான் கையெழுத்துப் போட்டதும் காகிதத்தைக் கேட்டு வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார்.

கையெழுத்துப் போடுமுன் ராகுகாலம் பார்க்கச் சுவரைத் திரும்பிப் பார்த்தேன். இந்த வருஷம் நம் ஊர் நாள்காட்டி வரவில்லை, வெறும் ஆணிதான் இருக்கிறது. போனில் பார்த்துக்கொண்டேன். அதே நேரம், நம் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் எழுதிய "முன்பக்கத்து அறையில் டீச்சரின் பையன் பரீட்சைக்குப் படிக்கிறான்" என்ற வரி நினைவுக்கு வந்துவிட்டது. அந்த ஜன்னல் ஓரம்தானே நான் படிப்பேன்? புங்க மரத்துக் காற்று இப்போதும் வருகிறதா? தவுக்கே எதிரே இருந்ததால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சளி என்று சொன்னேன்.

சரி, டீச்சர் விஷயம். பதினோரு மாதம் ஆடியில் முடிகிறது, 2,000 ரூபாய் ஏற்றிக் கேட்போம், முடியாதென்றால் பேங்க்காரருக்கு விடலாம் என்கிறான் அண்ணன். ஆடியில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மா எங்கே போய் வீடு தேடுவார்? அதுவும் பள்ளிக்கூடம் திறந்தபின்? அதைத் தெரிந்துகொண்டுதான் அவன் கேட்கிறான். அது வேண்டாம் அப்பா. அவர் வாடகை ஒரு மாதம்கூடத் தள்ளிப் போனதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 500 கூட்டி ஆனிக்குள் பேசி முடியுங்கள். பதினோரு மாதம் என்றால் பதிவு வேண்டாம் என்பதெல்லாம் 1908 பதிவுச் சட்டத்துப் பழைய கணக்கு. 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் புது வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது, எழுதிய ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். நம் துறையூரில் யாரும் செய்வதில்லை என்று அண்ணன் சொல்வான். நாளைக்கு ஒரு தகராறு என்றால் யாரிடம் போய் நிற்பான்?

அண்ணன் பாப்பா காதுகுத்துக்கு வரத்தான் ஆசை. ஆனால் ஆவணியில் பிள்ளைகளுக்கு லீவு ஒத்துவராது. அத்தையாக நான் செய்ய வேண்டிய சீரை விடமாட்டேன். என் பங்கு வாடகை அம்மா கணக்கில் கிடக்கிறதே, அதிலிருந்து தோடு எடுத்துவிடுங்கள். ஒரு கிராமே போதும், குழந்தைக் காது கனம் தாங்காது. என் வளையல்களை அம்மா கேட்டிருந்தாள். பத்திரமான இடத்தில் இருக்கின்றன. இங்கே வழிப்பறி பயம், யாரும் போட்டுக்கொண்டு நடமாடுவதில்லை.

முகூர்த்தம் குறித்ததும் தேதி எழுதுங்கள். டீச்சர் பற்றி எழுதியதை அண்ணனிடம் நீங்கள் சுருக்கிச் சொல்ல வேண்டாம், கடிதத்தையே கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்