எந்தக் குரங்கு என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கில் வீடு புகும் குரங்குகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். செய்தி முழுக்கக் கெரா என்னும் நீண்ட வால் குரங்கைப் பற்றியது. மேலே போட்டிருந்த படமோ லோத்தோங் என்னும் இலைக்குரங்கு. குரங்குதானே, எதுவாக இருந்தால் என்ன என்று விட முடியவில்லை.

தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இரண்டுமே பழக்கம்தான். அர்ச்சனைப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது நீண்ட வால் கெரா. பழம், சோறு, குப்பைத்தொட்டி, எதுவும் அதற்குச் சரி. பக்கத்துத் தாவரவியல் பூங்காவில், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு மரத்தில் உட்கார்ந்திருப்பது லோத்தோங். தாய் கருஞ்சாம்பல், பிறந்த குட்டி பொன்னிறம்! இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும் பல அறை வயிறு அதற்கு. பாவம் பார்த்து நாம் போடும் ரொட்டி அந்த வயிற்றுக்கு ஆகாது.

ஒரே காட்டில் காலங்காலமாக வாழ்ந்தும் இவை இரண்டும் கலப்பதில்லை. தமக்குள் இனம்பெருக்கி, பிறவற்றோடு கலவாத கூட்டமே ஓர் இனம் என்று உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மாயர் 1942இல் தந்த விளக்கம் இங்கே அப்படியே பொருந்துகிறது.

எல்லா இடத்திலும் இவ்வளவு சுலபமில்லை. ஜொகூர், சிங்கப்பூர்ப் பக்கம் வாழும் பட்டை இலைக்குரங்கையும், தீபகற்பத்தின் வடக்கிலும் சுமத்ராவிலும் உள்ள அதன் உறவுகளையும் நெடுங்காலம் ஒரே இனமாகவே எண்ணி வந்தார்கள். அவற்றின் மலத்தில் கிடைத்த மரபணுவை ஆராய்ந்து, மூன்றும் தனித்தனி இனங்கள் என்று 2020இல் சொன்னார்கள். சேர்த்துப் பார்த்தபோது பரவலாக இருப்பதாகத் தெரிந்தவற்றில் இரண்டு, பிரித்த பிறகு மிகச் சிலவே என்றாகிவிட்டன. ஜொகூர்க் குரங்கு இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது.

நம் லோத்தோங்கும், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களைக் காட்டும் உலகச் சிவப்புப் பட்டியலில் உள்ளதுதான். சாலையில் அடிபட்டுச் சாகிறதே என்று 2019இல் தெலுக் பஹாங்கில் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு அது மரத்திலிருந்து மரத்துக்குச் சாலையைக் கடக்கப் பாலம் கட்டினார்கள். அதே லோத்தோங்கின் படத்தைத் 'தொல்லை' என்ற தலைப்புக்குக் கீழே போட்டால், நாளை கவண் எடுப்பவன் எதைக் குறி வைப்பான்? (கெராவை அடிக்கலாம் என்று சொல்லவில்லை. அதுவும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.)

அடுத்த முறை படத்தின் கீழே எந்தக் குரங்கு என்று ஒரு வரி போடுங்கள். சந்தேகமாக இருந்தால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு