புயலில் கோழிகளைக் காப்பது பற்றி மல்லிகாவுக்கு

டம்பா, புளோரிடா

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. பெரியவளுக்குக் குழந்தை பிறந்த சேதியை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பேரனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே? இங்கே இவருக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை. சின்னவன் வேலை கிடைத்து அட்லாண்டா போய்விட்டான். இப்போது வீட்டில் நாங்கள் இருவரும் கோழிகளும்தான்.

புயலில் கோழிகளை எப்படிக் காப்பது என்று நீ கேட்டதற்கு வருகிறேன். 2018 கஜா புயலில் உன் கோழிகள் அத்தனையும் போனதை நீ எழுதியபோது எனக்கு மனசே ஆறவில்லை. மறுபடி வளர்க்க ஆரம்பித்திருக்கிறாய், ஐப்பசி பிறந்தாலே பயம் வந்துவிடுகிறது என்கிறாய். இங்கே நாங்கள் பார்த்ததிலிருந்து ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: காற்றடிக்கும் அந்த இரவைவிட, அது ஓய்ந்த பிறகு வரும் நாட்களில்தான் கோழிக்கு ஆபத்து அதிகம்.

2024 அக்டோபர் 9 இரவு மில்டன் புயல் எங்களுக்குத் தெற்கே சியெஸ்டா கீ அருகில் கரையைக் கடந்தது. பக்கத்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 45 செ.மீ.க்கு மேல் மழை. ஹெலீன் புயல் வந்து போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கோழிகளை முந்தின நாள் பொழுது சாய்ந்ததுமே கராஜுக்குள் கொண்டுவந்துவிட்டோம். இருட்டினால் கோழிக்குக் கண் தெரியாது. கட்டையில் ஏறி உட்கார்ந்ததை அப்படியே தூக்கி வந்துவிடலாம். பகலில் துரத்திப் பிடித்தால் அது பயந்து மூச்சிரைத்து, அடைக்கும் முன்பே பாதி உயிர் போய்விடும். நாய் கொண்டுபோகும் கம்பிக்கூண்டுகளில் மரச்சீவல் பரப்பி விட்டு, மேலே துணி போட்டு இருட்டாக்கிவிட்டோம். காற்று கூரையை உலுக்கிய நேரமெல்லாம் அவை முனகக்கூட இல்லை. உனக்குக் கம்பிக்கூண்டு வேண்டாம், பஞ்சாரமே போதும். ஆனால் ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்திலோ தென்னை ஓரத்துக் கொட்டகையிலோ வைக்காதே. கான்கிரீட் கூரை உள்ள அறையில் வை. தண்ணீர் ஏறக்கூடிய இடம் என்றால் தரையில் வைக்காமல் மேடையாகக் கட்டி வை.

முகாமுக்குப் போக நேர்ந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். இங்கேயும் அதே சிக்கல்தான். 2005 கத்ரீனா புயலின்போது நாய், பூனையை விட்டுவர மனமில்லாமல் பலர் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். அதனால் 2006-ல் வளர்ப்புப் பிராணிகளையும் மீட்புத் திட்டத்தில் சேர்க்கச் சட்டம் வந்தது. ஆனால் அரசு விளக்கத்தில் பண்ணை விலங்குகள் சேர்த்தி இல்லை. கிளிக்கு இடம் உண்டு, கோழிக்கு நிச்சயமில்லை. ஆகவே மேட்டுப் பகுதியில் உள்ள சொந்தக்காரர் யாரிடமாவது இப்போதே பேசி வைத்துக்கொள்.

கூண்டைத் திறந்துவிட்டால் தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதே. ஹவாயின் கவாய் தீவில் 1982-லும் 1992-லும் புயலில் கூண்டுகள் உடைந்து தப்பிய கோழிகள் பெருகித்தான் இன்று தெருவெங்கும் திரிகின்றன என்பார்கள். அங்கே கீரி குடியேறவில்லை, அதனால் பிழைத்தன. உன் ஊரில் கீரிக்கா பஞ்சம்?

சரி, புயலுக்குப் பிறகு. மில்டனில் புளோரிடாவில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. அடைத்த கராஜில் அந்தப் புழுக்கத்தை நினைத்துப் பார். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். காற்று தணிந்ததும் முதல் வேலையாகக் கதவைத் திறந்துவிட்டோம். வெயில் நாளில் ஒரு கோழி அரை லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். குடத்தில் முன்பே பிடித்து மூடி வை; வெள்ளத் தண்ணீரை மட்டும் குடிக்க விடாதே. கால் நனைய ஒரு தட்டில் தண்ணீர் வைத்தாலும் சூடு இறங்கும்.

ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தால் அதை வீட்டை விட்டுத் தள்ளி வெளியில் ஓட்டு. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. நம்மைவிடப் பறவையை அது சீக்கிரம் தாக்கும். அந்தக் காலத்தில் நச்சுக்காற்றை முன்கூட்டியே அறிய நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரிக் குருவியைக் கொண்டுபோனது அதனால்தான். அந்தப் புகை கோழியோடு நிற்காது, உங்களையும் கொன்றுவிடும்.

நனைந்த தீவனத்தைக் காயவைத்துப் போடலாம் என்று மட்டும் நினைத்துவிடாதே. பூஞ்சணம் பிடித்த தீவனத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். காசு போனாலும் கொட்டிவிடு. ஒரு கோழிக்கு நாளைக்கு 100 கிராம் என்று கணக்குப் போட்டு, இரண்டு வாரத்துக்கானதை மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் வைத்துக்கொள். ஈரத் தரைதான் ரத்தக்கழிச்சலுக்கு வழி; படுக்கையைத் தினமும் மாற்று. வேலியை முழுதும் சரிபார்த்த பிறகே வெளியே விடு. இங்கே வேலி விழுந்த வீடுகளில் கோழியைத் தின்னும் ரக்கூன் என்ற காட்டு விலங்கு புகுந்துவிடும்.

அப்புறம், சில நாள் முட்டையிடாது, இறகும் உதிரலாம். அதற்காக அறுத்துவிடாதே, தேறிவிடும்.

டிரம் வாங்கிவிட்டாயா என்று எழுது. பேரன் போட்டோவையும் மறக்காமல் அனுப்பு. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
வசந்தா